புது ஹார்டு டிஸ்க் கண்ணுக்குத் தெரியவில்லையா?

கணிப்பொறிப் பாடம்

வீட்டுக் கணிப்பொறி மந்தமாகிவிட்டால் உடனே புது மெஷின் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் எஸ்.எஸ்.டி. போட்டாலே பல மெஷின்கள் சுறுசுறுப்பாகிவிடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே டிஸ்க்கை மாற்றும்போதே விண்டோஸ் 11-ஐப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மெஷின் அதற்குத் தகுதியில்லாத அளவு பழையது என்றால் லினக்ஸ் போடலாம் என்று எண்ணுகிறார்கள். இரண்டுமே நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இன்ஸ்டால் செய்யும்போது. பென் டிரைவைச் செருகி மெஷினைப் போடுகிறோம். மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டுவிட்டு, 'எந்த டிஸ்க்கில் போடட்டும்?' என்று கேட்கும் திரை வருகிறது. அங்கே பட்டியல் காலி. நேற்று வாங்கிய டிஸ்க்கைக் காணோம்.

'டிஸ்க் கோளாறு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்றுதான் முதலில் தோன்றும். நேரு பிளேசுக்கோ, லாமிங்டன் ரோடுக்கோ, பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கோ, கல்கத்தா சாந்தினி சௌக்குக்கோ விடுமுறை நாளில் மறுபடி அலைய வேண்டும். ஆனால் பல சமயம் டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. டிஸ்க்குக்கும் இன்ஸ்டாலருக்கும் நடுவே நான்கு வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசலில் டிஸ்க் தடுத்து நிறுத்தப்பட்டது என்று வரிசையாகப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த வரிசையைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஏன் தெரியாமல் போகிறது?

இன்ஸ்டாலர் என்பது ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். பென் டிரைவிலிருந்து கணிப்பொறியின் நினைவகத்தில் ஏறி ஓடுகிறது. டிஸ்க்கோடு அது நேரடியாகப் பேசுவதில்லை. நடுவே கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பகுதி இருக்கிறது. அந்தக் கன்ட்ரோலரோடு பேசுவதற்கு 'டிரைவர்' என்ற சிறிய நிரல் வேண்டும். டிரைவரை ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிந்தி தெரியாமல் வடக்கே வந்து இறங்கியவர் வாய்விட்டுப் பேசினாலும் ரயில்வே கவுன்டரில் யாருக்கும் புரியாது. ஆள் இல்லை என்று அதற்கு அர்த்தமா? மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இன்ஸ்டாலர் எந்த நாளில் தயாரிக்கப்பட்டதோ, அந்த நாள் வரை அதற்குள் வைக்கப்பட்ட டிரைவர்கள் மட்டுமே அதற்குத் துணை. அதற்குப் பிறகு வந்த கன்ட்ரோலரை அது அறியாது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தது. சாட்டா டிஸ்க்குகள் 2003-க்குப் பிறகு பரவின. அந்த டிஸ்க்குகளை ஏ.ஹெச்.சி.ஐ. என்ற முறையில் வைத்தால் எக்ஸ்பி இன்ஸ்டாலர் 'ஹார்டு டிஸ்க்கே இல்லை' என்று சொல்லிவிடும். தொடக்கத்திலேயே எஃப் 6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதேபோல, விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-இல். என்.வி.எம்.இ. என்ற புதிய முறையின் முதல் வரையறை வந்தது 2011-இல். ஆகவே விண்டோஸ் 7-இன் மூல டி.வி.டி.க்கு என்.வி.எம்.இ. டிஸ்க் தெரியாது. இன்று நாம் படும் பாடும் இதே வகைதான்.

தொடங்கும் முன் மூன்று காரியங்கள்

முதலாவது, பழைய டிஸ்க்கில் இருப்பதை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். குழந்தைகளின் புகைப்படங்கள், ஊரில் எடுத்த கல்யாண வீடியோ, சான்றிதழ்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் டாப், டாம், டிஸ்கி, பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள், நாடகப் பிரதிகள், சங்கத்தின் பழைய அறிக்கைகள் பல வீடுகளில் இருக்கும். புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு திறக்கும். ஆனால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பழைய தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லேப்டாப்பில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பூட்டு இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால் அதற்கு 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி எண் இருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் ஓர் அமைப்பை மாற்றினாலும் மெஷின் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் உள்ளே இருப்பது கிடைக்காது.

மூன்றாவது, டெஸ்க்டாப்பாக இருந்தால் இன்ஸ்டால் முடியும் வரை பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பட்டியலில் புது டிஸ்க் மட்டும் இருந்தால் தவறான டிஸ்க்கை அழிக்க வழியே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு டிஸ்க்கும் இருந்தால் விண்டோஸ் சில சமயம் புது டிஸ்க்கில் தன்னைப் போட்டுக்கொண்டு, தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடும். பின்னால் பழையதைக் கழற்றும்போது மெஷின் எழுந்திருக்காது.

முதல் வாசல்: ஒயரும் இடமும்

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். டில்லி போன்ற ஊர்களில் குளிர்காலக் காற்று வறண்டிருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலை மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். ஆகவே டிஸ்க்கைத் தொடுமுன் மெஷினின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு ஒயர்கள் உண்டு. அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தகவலுக்கு. இரண்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வேறு ஒயரைப் போட்டு, போர்டில் வேறு இணைப்பில் செருகிப் பாருங்கள்.

எம்.2 என்ற பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யில்தான் குழப்பம் அதிகம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா மொழி பேசும் டிஸ்க்கும் உண்டு, என்.வி.எம்.இ. மொழி பேசும் டிஸ்க்கும் உண்டு. போர்டில் உள்ள இடம் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். மாற்றிப் போட்டால் டிஸ்க் பொருந்தி உட்கார்ந்தாற்போல் இருக்கும், தெரியவே தெரியாது. சில போர்டுகளில் எம்.2 இடத்தில் டிஸ்க் போட்டால் சாட்டா இணைப்புகளில் ஒன்று தானாக அணைந்துவிடும். இவை எல்லாம் போர்டின் கையேட்டில் எழுதியிருக்கும்.

இரண்டாவது வாசல்: பயாஸ்

மெஷினைப் போட்டவுடன் பயாஸுக்குள் போங்கள். டெல், ஏசர் மெஷின்களில் பெரும்பாலும் எஃப் 2, ஹெச்.பி.யில் எஃப் 10, தனியாகப் பொருத்திய டெஸ்க்டாப்களில் டிலீட் விசை. உள்ளே டிஸ்க்குகளின் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் புது டிஸ்க்கின் பெயரும் அளவும் இருக்கின்றனவா?

இந்தக் கேள்விதான் பாடத்தின் திருப்புமுனை. பயாஸில் இல்லை என்றால் குறை முதல் வாசலில், அல்லது டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஒயரையும் இடத்தையும் மாற்றிப் பார்த்து, இன்னொரு மெஷினில் போட்டும் தெரியவில்லை என்றால், அப்போது கடைக்குப் போகலாம். பயாஸில் தெரிகிறது என்றால் டிஸ்க்குக்கு உயிர் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். கடைக்கு ஓட வேண்டாம். மூன்றாவது வாசலுக்கு வாருங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 2014-க்கு முந்தைய பெரும்பாலான போர்டுகளின் பயாஸுக்கு என்.வி.எம்.இ. தெரியாது. அடாப்டர் வைத்துப் பொருத்தினால் இன்ஸ்டாலர் டிஸ்க்கைப் பார்க்கும், ஆனால் அதிலிருந்து மெஷின் தொடங்காது. அத்தகைய பழைய மெஷினுக்கு இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்குவதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது வாசல்: டிரைவர்

பயாஸில் தெரிகிறது, இன்ஸ்டாலரில் தெரியவில்லை. அல்லது பட்டியலில் உங்கள் பென் டிரைவ் மட்டும் தெரிகிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறைச் சிப்பும் அதற்குப் பிந்தையவையும் உள்ள லேப்டாப்களில் இது அடிக்கடி நேர்கிறது. இவற்றில் வி.எம்.டி. என்ற ஏற்பாடு உண்டு. அது இயங்கும்போது என்.வி.எம்.இ. டிஸ்க் நேராகத் தெரியாமல் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் நிற்கும். பல விண்டோஸ் இன்ஸ்டாலர்களில் அதற்கான டிரைவர் கிடையாது. தீர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, டிரைவரைக் கொடுப்பது. வேறொரு கணிப்பொறியில், உங்கள் லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்துக்குச் சென்று, மாடல் எண்ணைக் கொடுத்து, ஸ்டோரேஜ் பிரிவில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். அது ஜிப் கோப்பாக வந்தால் விரித்து, உள்ளே உள்ளவற்றை ஒரு ஃபோல்டராகப் பென் டிரைவில் வையுங்கள். விரிக்காமல் வைத்தால் இன்ஸ்டாலருக்குப் புரியாது. டிஸ்க் கேட்கும் திரையில் 'லோட் டிரைவர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், சில நொடிகளில் டிஸ்க் பட்டியலில் வந்து நிற்கும். இந்த டிரைவர் கோப்பின் பெயரில் எஃப் 6 என்றும், ஃபிளாப்பி என்பதன் சுருக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். ஃபிளாப்பி போய்விட்டது, பெயர் போகவில்லை.

இரண்டாவது வழி, பயாஸில் வி.எம்.டி.யை அணைப்பது. புது டிஸ்க், உள்ளே ஒன்றும் இல்லை என்றால் இது சுலபம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள டிஸ்க் அதே மெஷினில் இருந்து, அதுவும் உங்களுக்கு வேண்டும் என்றால் இதைத் தொடாதீர்கள். வி.எம்.டி. இயங்கும்போது போடப்பட்ட விண்டோஸ், அதை அணைத்தவுடன் நீலத் திரை காட்டி நின்றுவிடும். பிட்லாக்கர் சாவியையும் கேட்கலாம். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். பயாஸில் மறுபடி பழையபடி வைத்தால் மெஷின் வழக்கம்போல் எழும்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் முறை இயங்கினால் உபுண்டு இன்ஸ்டாலர் அதைச் சொல்லி, அணைத்துவிட்டு வரச் சொல்லும். அருகில் விண்டோஸ் இருந்தால் மேலே சொன்ன எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாசல்: பாகப் பட்டியல்

இப்போது டிஸ்க் தெரிகிறது. ஆனால் 'இதில் விண்டோஸ் போட முடியாது' என்கிறது. எங்கே எந்தப் பகுதி தொடங்குகிறது என்பதை டிஸ்க் தன் தொடக்கத்தில் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கும். பழைய பட்டியல் முறை எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி. மெஷின் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் தொடங்கியிருந்தால் விண்டோஸுக்கு ஜி.பி.டி. வேண்டும். வேறு மெஷினில் உழைத்த டிஸ்க்கைக் கொண்டுவந்தால் இந்தச் செய்தி வரும்.

டிஸ்க் வெறுமையானது என்றால் ஒதுக்கப்படாத இடம் என்று காட்டும் வரியைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' அழுத்துங்கள். பகுதிகளை விண்டோஸே அமைத்துக்கொள்ளும். பழைய டிஸ்க், உள்ளே இருப்பது வேண்டாம் என்றால் அந்த டிஸ்க்கின் பகுதிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக 'டிலீட்' செய்து, முழுதும் ஒரே வெற்றிடமானதும் 'நெக்ஸ்ட்' அழுத்துங்கள். உள்ளே இருப்பது வேண்டும் என்றால் இந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். மெஷினை அணைத்து, முதலில் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள்.

எது எந்த டிஸ்க்?

இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் ஒன்றைக் கழற்ற முடியாமல் போகலாம். பட்டியலில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எண் மட்டும்தான் இருக்கும். எந்த இணைப்பில் செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அந்த எண். அதை நம்பாமல் அளவைப் பாருங்கள்.

அட்டைப் பெட்டியில் எழுதிய அளவு திரையில் வராது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஆகவே 240 ஜி.பி. டிஸ்க் சுமார் 223 என்றும், 256 சுமார் 238 என்றும், 500 சுமார் 465 என்றும், 512 சுமார் 477 என்றும், 1 டி.பி. சுமார் 931 என்றும் தெரியும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்றால் ஒன்றைக் கழற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பழைய சுழலும் டிஸ்க்கில் அழித்ததைச் சில சமயம் மீட்கலாம். எஸ்.எஸ்.டி. அப்படி அல்ல. அழித்த இடங்களை டிரிம் என்ற ஏற்பாட்டின்படி அது தானே காலி செய்துகொள்ளும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்பது ஏறக்குறைய நடவாத காரியம்.

முழு அளவும் தெரியவில்லை என்றால்

சில பழைய மெஷின்களில் டிஸ்க் தெரியும், ஆனால் பாதி இடம் காணாமல் போயிருக்கும். இதற்கும் காரணம் மொழிதான். டிஸ்க்கில் உள்ள ஒவ்வோர் அறைக்கும் கதவு எண் வேண்டும். எண்ணை எழுத எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்களோ அதற்கு மேல் எண்ண முடியாது. ஒரு காலத்தில் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்கில் 528 எம்.பி.யோடு எண் தீர்ந்துபோயிற்று. பிறகு 28 பிட் எண் வந்து 137 ஜி.பி.யில் நின்றது. விண்டோஸ் எக்ஸ்பி இந்த எல்லையைத் தாண்டியது 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில். எம்.பி.ஆர். பட்டியலின் எல்லை சுமார் 2.2 டி.பி. ஆகவே 4 டி.பி. டிஸ்க் வாங்கி எம்.பி.ஆர். முறையில் அமைத்தால் மீதி இடம் வீணாகும். ஜி.பி.டி. ஆக்கினால் முழுதும் கிடைக்கும்.

கடைக்குப் போகும்போது

மெஷினின் மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எஸ்.எஸ்.டி. என்று மட்டும் கேட்காமல், இரண்டரை அங்குலமா எம்.2-வா, எம்.2 என்றால் சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று கேட்டு வாங்குங்கள். பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், 'பயாஸிலேயே வரவில்லை, இரண்டு மெஷினில் பார்த்தாகிவிட்டது' என்று சொல்லுங்கள். ஹிந்தியோ கன்னடமோ வங்காளியோ தடுமாறினாலும், இந்த ஒரு வாக்கியம் கடைக்காரருக்குப் புரியும். விஷயம் தெரிந்தவர் என்று மதித்துப் பேசுவார்.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் குழந்தைகளோடு உட்கார்ந்து மூன்று காரியம் செய்யுங்கள். பயாஸுக்குள் போய் உங்கள் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். பிட்லாக்கர் சாவி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எழுதி வையுங்கள். வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தையும் ஒரு பழைய தமிழ்க் கடிதத்தையும் திறந்து பாருங்கள். இவ்வளவும் செய்தவர்கள், டிஸ்க் வாங்கும் நாளில் காலிப் பட்டியலைக் கண்டு கலங்க மாட்டார்கள்.